அப்பாவின் பயாப்ஸி அறிக்கையில் வரும் "தசை" எது? குடல் சுவரின் அடுக்குகள் பற்றி ஒரு கேள்வி

1. கயல்மதி

அனைவருக்கும் வணக்கம். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று நாட்களாக வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அப்பாவுக்கு 63 வயது. நாற்பது ஆண்டுகள் கொத்தனார் வேலை பார்த்தவர். மலத்தில் ரத்தம் கண்டதால் பத்து நாட்களுக்கு முன் கொலோனோஸ்கோபி செய்தார்கள். பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில், 15 மில்லிமீட்டர் அளவில் தட்டையான பாலிப் (உட்சுவரில் வளரும் சதை முளை) ஒன்று இருந்தது. மருத்துவர் அதன் அடியில் நீல நிறத் திரவத்தை ஊசியால் ஏற்றினாராம். பாலிப் கொப்புளம் போல எழும்பியதும் கம்பி வளையத்தால் ஒரே துண்டாக அறுத்து எடுத்துவிட்டார். திரையில் அப்பாவே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அறிக்கை வந்திருக்கிறது. அதில் இருப்பதன் சாரம் இதுதான்: அடினோமா வகைப் பாலிப். ஓரிடத்தில் மியூக்கோசாவுக்குள் அடங்கிய புற்றுச் செல்கள். மஸ்குலாரிஸ் மியூக்கோசே தாண்டப்படவில்லை. வெட்டு விளிம்பில் நோய் இல்லை.

மருந்துக்கடை வைத்திருக்கும் சித்தப்பா இதைப் படித்துவிட்டு, "மஸ்குலாரிஸ் என்றால் தசை. தசை வரை வந்துவிட்டது. குடலையே வெட்டி எடுக்க வேண்டும்" என்கிறார். மருத்துவரோ தொலைபேசியில், "அறுவை சிகிச்சை வேண்டாம், புதன்கிழமை நேரில் வாருங்கள், பேசலாம்" என்று மட்டும் சொன்னார். புற்று என்று எழுதிவிட்டு அறுவை வேண்டாம் என்றால் எதை நம்புவது? அம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

குடல் சுவரில் எத்தனை அடுக்குகள்? அதில் இந்தத் தசை எது?

2. நுண்ணோக்கி

கயல்மதி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அறிக்கையில் வருவது உங்கள் சித்தப்பா நினைக்கும் தசை அல்ல.

நான் நோயியல் ஆய்வகத்தில் 22 ஆண்டுகளாகத் திசு ஸ்லைடு தயாரிக்கிறேன். ஃபார்மலினில் வரும் துண்டைப் பாரஃபின் மெழுகில் பதித்து, நான்கைந்து மைக்ரான் தடிமனில் சீவி, ஹிமாடாக்சிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்களில் தோய்ப்பது என் வேலை. செல்லின் உட்கரு ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். பெருங்குடல் துண்டை லென்சுக்குக் கீழே வைத்தால் உள்ளிருந்து வெளியே இப்படிப் போகும்.

முதலில் எபிதீலியம். ஒரே ஒரு செல் தடிமன்தான். பெருங்குடலில் அது சமதளமாக இருப்பதில்லை. சோதனைக் குழாய்களை அடுக்கி வைத்ததுபோல வரிசையாகக் குழிந்து இறங்கும். குழியின் சுவரெங்கும் சளி சுரக்கும் கோப்பைச் செல்கள் வெளிறிய முத்துகள்போல நிற்கும். சாயம் நன்றாகப் பிடித்த ஸ்லைடில் அந்த வரிசையை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நான் ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன்.

குழிகளுக்கு இடையில் இருக்கும் மெத்தை போன்ற திசு, லாமினா புரோப்ரியா. நுண்ணிய ரத்தக் குழாய்களும் நோய் எதிர்ப்புச் செல்களும் நிறைந்தது. குழிகளின் அடியை ஒட்டி ஒரு மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு ஓடும். அந்தக் கோடுதான் மஸ்குலாரிஸ் மியூக்கோசே. தசை நார்தான், ஆனால் மிக மெல்லியது. எபிதீலியம், மெத்தை, இந்தக் கோடு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் மியூக்கோசா என்ற முதல் அடுக்கு. தமிழில் சளிப்படலம்.

அதற்கு வெளியே சப்மியூக்கோசா. அதற்கும் வெளியேதான் உண்மையான தசை அடுக்கு, மஸ்குலாரிஸ் புரோப்ரியா: உள்ளே வட்டமாகச் சுற்றும் நார்கள், வெளியே நீளவாக்கில் ஓடும் நார்கள். எல்லாவற்றுக்கும் வெளியே செரோசா என்ற வழவழப்பான உறை.

உங்கள் சித்தப்பா குழம்பியது இரண்டு மஸ்குலாரிஸ்களுக்கு இடையில். இந்தப் பெயர்க் குழப்பம் செவிலியர் மாணவிகளையே அழ வைத்திருக்கிறது. அப்பாவின் அறிக்கையில் வருவது முதல் அடுக்கின் தரை. அந்தத் தரை உடையவில்லை என்று நோயியல் மருத்துவர் எழுதியிருக்கிறார். பெரிய தசைக்குப் போக வேண்டுமானால் தரையை உடைத்து, சப்மியூக்கோசா முழுவதையும் கடக்க வேண்டும்.

3. தென்றல்72

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கும் அதே சந்தேகம். புற்று புற்றுதானே? ஒரு மயிரிழைக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை வைத்து எப்படி ஒருவருடைய உயிரை முடிவு செய்ய முடியும்? வீண் நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது என்பதால் கேட்கிறேன்.

4. வைகைக்கரை

நான் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்து ஓய்வு பெற்றவன். தென்றல் கேட்பது நியாயமான கேள்வி.

புற்று பரவுவதற்கு வழி வேண்டும். குடலில் அந்த வழி பெரும்பாலும் நிணநீர்க் குழாய்கள். பெருங்குடலின் மியூக்கோசாவில் அவை மிகக் குறைவு. இருப்பவையும் அடியில், அந்தக் கோட்டை ஒட்டியே கிடக்கின்றன. சப்மியூக்கோசாவில்தான் நிணநீர்க் குழாய்களும் ரத்தக் குழாய்களும் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. ஆகவே கோட்டுக்கு மேலே நிற்கும் செல்கள், பார்வைக்குப் புற்றாகவே இருந்தாலும், நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேர்வது அநேகமாக நடப்பதில்லை. அதனால் பெருங்குடலில் இந்த நிலையை முதல் நிலை என்றுகூட வகைப்படுத்துவதில்லை. அதற்கும் முந்தைய நிலையாகத்தான் வைக்கிறோம். புற்று சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை டி என்ற எழுத்தால் குறிப்போம். கோட்டைத் தாண்டி சப்மியூக்கோசாவுக்குள் நுழைந்தால் டி1. பெரிய தசைக்குள் போனால் டி2. தசையையும் கடந்தால் டி3.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது பெருங்குடலுக்குப் பொருந்தும் கணக்கு. இரைப்பையில் மியூக்கோசாவுக்குள்ளேயே நிணநீர்க் குழாய்கள் உண்டு. அங்கே மியூக்கோசாவுக்குள் அடங்கிய புற்றையே டி1 என்றுதான் எழுதுகிறோம். உணவுக்குழாயில் நிலைமை இன்னும் கடினம். அங்கே நிணநீர்க் குழாய்கள் சப்மியூக்கோசாவில் நீளவாக்கில் ஓடுவதால் நோய் மேலும் கீழும் தொலைவாகப் போய்விடும். யாரும் பெருங்குடல் அறிக்கையைப் பார்த்துவிட்டு இரைப்பை அறிக்கைக்கு ஆறுதல் சொல்லிவிடாதீர்கள்.

கயல்மதி, உங்கள் அறிக்கையில் எனக்கு நிம்மதி தருபவை மூன்று: ஒரே துண்டாக எடுத்தது, விளிம்பில் நோய் இல்லாதது, கோடு உடையாதது. இறுதிச் சொல் உங்கள் மருத்துவருடையது. புதன்கிழமை தவறாமல் போங்கள்.

5. கயல்மதி

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. படித்துக் காட்டினேன். அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டார். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் அறிக்கையைத் திரும்ப வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார்.

அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். கையில் சின்ன முள் குத்தினாலே துடிக்கிறோம். உள்ளே இத்தனை பெரிய துண்டை அறுத்தும் அவருக்கு வலியே தெரியவில்லையாம். காற்று ஊதியபோது மட்டும் வயிறு இழுத்துப் பிடித்தது என்கிறார்.

6. வைகைக்கரை

உங்கள் அப்பா கவனித்தது நூற்றுக்கு நூறு சரி. குடலின் நரம்புகள் வெட்டையோ சூட்டையோ வலியாகச் சொல்வதில்லை. இழுபடுவதையும் உப்புவதையும்தான் வலியாகச் சொல்கின்றன. வயிற்றில் குடலை வெளியே கொண்டுவந்து வைத்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வார்டிலேயே, மயக்க மருந்து இல்லாமல், சூட்டுக் கத்தியால் அதைத் திறந்திருக்கிறோம். நோயாளி பேசிக்கொண்டே இருப்பார்.

ஆசனவாய்க்கு சற்று மேலே பல் விளிம்புபோல ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே தோலின் நரம்புகள் தொடங்கிவிடும். அதனால்தான் உள்மூலம் வலிக்காமல் ரத்தம் மட்டும் கொட்டும், வெளிமூலத்தில் ரத்தம் கட்டினால் உட்காரவே முடியாது.

7. தென்றல்72

நிணநீர் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் எல்லோரும் சப்மியூக்கோசாவை வெறும் கடந்துபோகும் வழியாகத்தானே பேசுகிறீர்கள்? பள்ளியில் எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்: மியூக்கோசா உறிஞ்சும், தசை தள்ளும், செரோசா மூடும், நடுவில் சப்மியூக்கோசா என்று ஒரு நிரப்பு. குடலைத் தைக்கும்போது தையல் நிற்பது தசையில்தானே? அதுதானே தடிமன்?

8. வைகைக்கரை

இல்லை. இந்த ஒரு பதிலுக்காகவே நான் இந்த இழையில் இன்னும் நேரம் செலவிடுவேன்.

தசை தடிமன்தான், ஆனால் தையல் நூல் அதை வெண்ணெயை அறுப்பதுபோல அறுத்துக்கொண்டு வந்துவிடும். நார்கள் ஒரே திசையில் ஓடுவதால் நூல் அவற்றுக்கு நடுவே வழுக்கிவிடும். சப்மியூக்கோசா கொலாஜன் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய துணி. குடல் சுவரின் இழுவிசையைத் தாங்குவது அதுதான்.

இது புத்தகத்தில் வந்து சேர்ந்த கதையே ஒரு பாடம். 1826ல் பிரான்சில் லாம்பேர் என்ற மருத்துவர், குடலின் வெளி உறைகள் ஒன்றையொன்று தொடும்படி விளிம்புகளை உள்ளே மடித்துத் தைக்க வேண்டும் என்று காட்டினார். செரோசா செரோசாவோடு மிக வேகமாக ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரத்திலேயே கசிவு அடைபடத் தொடங்கும். அவருக்குப் பிறகு பலர் செரோசாவையும் தசையையும் மட்டும் பிடித்துத் தைத்தார்கள். தையல் பிய்ந்தது, நோயாளிகள் இறந்தார்கள். 1887ல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் நாய்களின் குடலில் தைத்துப் பார்த்த சோதனைகளை வெளியிட்டார். ஊசி சப்மியூக்கோசாவைத் தொட்டால்தான் தையல் நிற்கும் என்று அவர் நிறுவினார். ஊசி முனை அந்த அடுக்கில் முட்டும்போது ஒரு எதிர்ப்பு தெரியும் என்றும் எழுதினார்.

அந்த எதிர்ப்பு எனக்குத் தெரியும். பயிற்சிக் காலத்தில் என் ஆசிரியர் என் கையைப் பிடித்து, "இப்போது போகிறது, போகிறது, இப்போது முட்டுகிறதா? அதைப் பிடி" என்பார். விரலில் பதிந்த அந்த முட்டல் முப்பது ஆண்டுகள் எனக்குச் சோறு போட்டது. எத்தனையோ பேரை வீடு கொண்டு சேர்த்தது.

9. ஆட்டுக்கிடை

டாக்டர் ஐயா சொல்வதற்கு நான் சாட்சி. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கறிக்கடை நடத்துகிறது. ஆட்டின் சிறுகுடலை ஈர்க்குச்சியால் உள்புறம் வெளியே திருப்பிக் கழுவுவோம். கத்தியின் முதுகால் வழித்தால் உள்ளே இருக்கும் சளிப்பகுதி கூழ்போல வந்துவிடும். மறுபக்கம் அழுத்தி வழித்தால் சதைப் பகுதியும் உரிந்துவிடும். இரண்டும் போன பிறகு வெள்ளையாக, கண்ணாடித் தாள்போல ஒரு குழாய் மிஞ்சும். இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று இழுத்தாலும் லேசில் அறாது. வெளிநாட்டில் இறைச்சியை அடைக்கும் உறையாக அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று ஏற்றுமதிக்கு வாங்குபவர் சொன்னார். அந்த வெள்ளைக் குழாய்தானா ஐயா நீங்கள் சொல்லும் அடுக்கு?

10. வைகைக்கரை

அதேதான் தம்பி. ஹால்ஸ்டெட் சோதனைச்சாலையில் கண்டதை உங்கள் தாத்தா கல் பலகையில் கண்டிருக்கிறார். நாங்கள் தையலுக்குப் பயன்படுத்திய கேட்கட் நூலும் செம்மறி ஆட்டுக் குடலின் சப்மியூக்கோசாவை முறுக்கிச் செய்ததுதான். மாட்டுக் குடலின் செரோசாவிலிருந்தும் செய்வார்கள். பெயரில் பூனை இருந்தாலும் பூனைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஒரு குடலைத் தைக்க இன்னொரு குடலின் அதே அடுக்கு!

11. யாழ்வாணி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் கற்பிக்கிறேன். எங்கள் வகுப்பில் திசுவை இழையம் என்போம், எபிதீலியத்தை மேலணி என்போம், சிறுகுடலின் உட்புறத்தில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் குடலுறிஞ்சி என்பதைச் சடைமுளை என்போம். சொல் வேறானாலும் சுவர் ஒன்றுதான். என் மாணவர்களுக்கு இந்த இழையை அப்படியே படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

ஆட்டுக்கிடை தம்பி சொன்ன உதாரணத்துக்கு ஒரு எல்லை போட வேண்டும். ஆட்டின் சிறுகுடலை நம் சிறுகுடலோடு ஒப்பிடலாம். ஆனால் சுண்ணாம்பும் வெந்நீரும் போட்டுச் சுரண்டுகிறோமே, துவாலைபோலப் பொசுபொசுவென்று இருக்கும் பெரிய வயிறு, அதை நம் இரைப்பையோடு ஒப்பிட முடியாது. ஆட்டின் முதல் மூன்று அறைகளின் உட்புறம் தோலைப்போலப் பல அடுக்குச் செல்களால் ஆனது. அங்கே அமிலம் சுரக்காது. நான்காவது அறைதான் நம் இரைப்பைக்கு நிகர்.

மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடும் இடமும் இதுதான். நான்கு அடுக்கு என்ற சட்டம் உணவுக்குழாயிலிருந்து மலக்குடல் வரை ஒன்றே. ஆனால் ஒவ்வொரு பகுதியும் தன் வேலைக்கேற்ப அதைத் திருத்திக்கொள்கிறது. உணவுக்குழாயில் முறுக்கும் தோசை விளிம்பும் உரசிப் போவதால் அங்கே மேலணி பல அடுக்கு. இரைப்பையைத் தொட்டதும் சட்டென்று ஒற்றை அடுக்கு. அந்த எல்லை வெறும் கண்ணுக்கே தெரியும்: மேலே வெளிறிய முத்து நிறம், கீழே சிவப்பு. இரைப்பை பிசைய வேண்டியிருப்பதால் வட்டம், நீளம் ஆகிய இரண்டு தசைகளுக்கும் உள்ளே மூன்றாவதாகச் சாய்வான தசை. முன்சிறுகுடலில் அமிலக் கூழ் வந்து விழுவதால் சப்மியூக்கோசாவுக்குள்ளேயே காரநீர் சுரக்கும் புரூன்னர் சுரப்பிகள். பெருங்குடலில் நீளத் தசை மூன்று நாடாக்களாகச் சுருங்கிவிடுகிறது. குடலின் நீளத்தைவிட நாடாக்கள் குட்டையாக இருப்பதால் குடல் பை பையாக மடிந்து நிற்கிறது.

இதையெல்லாம் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். "இங்கே என்ன வந்து விழுகிறது?" என்று கேட்டால் பாதியை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

12. தென்றல்72

சிறுகுடலின் உட்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று படித்திருக்கிறேன். சடைமுளைகளால்தானே அது?

13. யாழ்வாணி

அந்தக் கணக்கு பழையது, அதை நானும் பல ஆண்டுகள் வகுப்பில் சொன்னேன். 2014ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்களான ஹெலாண்டரும் ஃபாண்ட்ரிக்ஸும் திரும்ப அளந்தார்கள். செரிமானப் பாதை முழுவதற்கும் சேர்த்துச் சராசரி 32 சதுர மீட்டர்தான் வந்தது. அரை பாட்மிண்டன் மைதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெருங்குடலின் பங்கு ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர். சிறுகுடலின் பரப்பை மடிப்புகளும் சடைமுளைகளும், ஒவ்வொரு செல்லின் தலையிலும் தூரிகைபோல நிற்கும் நுண்முளைகளும் பெருக்கித் தருகின்றன.

14. அல்லிக்குளம்

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. சப்மியூக்கோசா என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் ஒரு மாதம் அந்தச் சொல்லைச் சுற்றியே ஓடியது.

என் மகன் பிறந்து இரண்டு நாட்களாகியும் முதல் மலம் போகவில்லை. கருப்பாகப் பிசுபிசுவென்று போகுமே, அது. வயிறு மேளம்போல உப்பியது, பச்சையாக வாந்தி எடுத்தான். மலக்குடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். ஒரு வாரம் காத்திருந்தோம். அறிக்கை வந்தது: "மியூக்கோசா மட்டுமே உள்ளது. சப்மியூக்கோசா போதுமான அளவு இல்லை. முடிவு கூற இயலாது." திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். ஏன் என்று அந்த மருத்துவமனையில் யாரும் எங்களுக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. ஊசியளவு துணுக்கில் எந்த அடுக்கு இருந்தால் என்ன என்று நான் அழுதேன்.

வேறு ஊருக்கு மாற்றிய பிறகு ஒரு குழந்தை அறுவை மருத்துவர் தாளில் படம் வரைந்து காட்டினார். குடலுக்குத் தன் சொந்த நரம்புச் செல்கள் உண்டு, அவை இரண்டு இடங்களில் கூட்டமாக இருக்கும், ஒன்று சப்மியூக்கோசாவில், இன்னொன்று இரண்டு தசைகளுக்கு நடுவில் என்றார். என் மகனுக்குக் குடலின் கடைசிப் பகுதியில் அந்தச் செல்களே இல்லை. மியூக்கோசாவை மட்டும் எடுத்தால் அந்தச் செல்கள் இருக்கின்றனவா இல்லையா என்று எப்படிச் சொல்ல முடியும்? தேடும் இடத்தையே எடுக்கவில்லையே! அந்த ஒரு வாக்கியத்தை முதல் மருத்துவமனையில் யாராவது சொல்லியிருந்தால் நான் அத்தனை இரவுகள் அவநம்பிக்கையில் கழித்திருக்க மாட்டேன்.

ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். நரம்பில்லாத பகுதியை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தார்கள். மகனுக்கு இப்போது ஏழு வயது. மிதிவண்டி ஓட்டுகிறான்.

15. வைகைக்கரை

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பெற்றோரிடம் உட்கார்ந்து பேச ஐந்து நிமிடம் ஒதுக்காதது எங்கள் தொழிலின் பெரிய குறை. வேலைப்பளு என்று நாங்கள் சொல்வது போதிய பதில் இல்லை.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சப்மியூக்கோசாவில் இருக்கும் வலைப்பின்னலை 1857ல் மைஸ்னர் விவரித்தார். தசைகளுக்கு நடுவே இருப்பதை 1860களில் அவுயர்பாக் விவரித்தார். இரண்டிலும் சேர்த்துப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள். சுரப்பதையும் ரத்த ஓட்டத்தையும் முன்னது கவனிக்கும். உணவைத் தள்ளும் அலையைப் பின்னது நடத்தும். மூளையின் கட்டளைக்குக் காத்திருக்காமல் குடல் தானே அலையெழுப்ப வல்லது. இரைப்பையில் நிமிடத்துக்கு மூன்று, முன்சிறுகுடலில் பன்னிரண்டு என்று அதற்குத் தாளம்கூட உண்டு.

இந்தச் செல்கள் குடலில் பிறப்பவை அல்ல. தொடக்கக் கருவில் இருக்கும் செல் படைகளில், குடலின் எபிதீலியம் உள்படையிலிருந்தும், தசையும் இணைப்புத் திசுவும் நடுப்படையிலிருந்தும் வருகின்றன. நரம்புச் செல்களோ முதுகுப் பக்கத்தில், நரம்புக் குழாயின் விளிம்பில் பிறந்து, கருவின் முதல் மூன்று மாதத்துக்குள் வாய்ப் பக்கத்திலிருந்து ஆசனவாய் வரை குடலின் நெடுகிலும் நடந்து வருகின்றன. நடை பாதியில் நின்றால் அதற்குக் கீழே செல்கள் இருக்காது. அதனால்தான் குறை எப்போதும் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்று இப்படி.

கோபன்ஹேகன் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886ல் இந்த நோயைப் பற்றிப் பேசியபோது, உப்பிப் பெருத்த குடலைத்தான் நோயுற்ற குடல் என்று எல்லோரும் எண்ணினார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் அந்த எண்ணம் நீடித்தது. உப்பிய பகுதி நல்ல குடல். அதற்குக் கீழே ஒடுங்கி, பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும் பகுதிதான் விரியத் தெரியாத குடல். 1948ல் ஸ்வென்சன் அந்த ஒடுங்கிய பகுதியை எடுத்துவிட்டு மேல்குடலைக் கீழே இழுத்து இணைக்கும் அறுவையை வெளியிட்டார். உங்கள் மகனுக்குச் செய்தது அந்த வழியில் வந்ததுதான்.

அடுக்கு தெரியாவிட்டால் நோயே தலைகீழாகத் தெரியும் என்பதற்கு எங்கள் வார்டில் இன்னொரு உதாரணம் அடிக்கடி வரும். டைஃபாய்டு கிருமி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பேயர் திட்டுகள் என்ற நிணத்திசுக் குவியல்களில் குடியேறும். அந்தத் திட்டுகள் நீளவாக்கில் அமைந்தவை. ஆகவே புண்ணும் நீளவாக்கில். மூன்றாவது வாரத்தில் அது ஆழமாகி எல்லா அடுக்குகளையும் துளைத்துவிடலாம். காசநோய் குடலைச் சுற்றி வளைக்கும் நிணநீர்க் குழாய்களின் வழியே போகும்; ஆகவே புண் குறுக்கு வாக்கில், வளையமாக. ஆறும்போது வளையம் இறுகிக் குடல் அடைத்துக்கொள்ளும். வயிற்றைத் திறந்ததும் புண்ணின் திசையைப் பார்த்தே எங்கள் பேராசிரியர் நோயைச் சொல்லிவிடுவார்.

16. பனிமலர்

எண்டோஸ்கோபி பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கயல்மதியின் அப்பா பார்த்த நீலத் திரவத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஊசி போய் நிற்க வேண்டிய இடம் சப்மியூக்கோசாதான். அது இழுத்தால் அறாத துணி என்றாலும் நெய்தது நெகிழ்வாக. உப்பு நீரை ஏற்றினால் உறிஞ்சிக்கொண்டு பஞ்சுபோலப் பொங்கும். பாலிப் தசையை விட்டு விலகி மேலே எழும்பும். அப்போது அறுத்தால் குடலில் துளை விழும் ஆபத்து குறைவு. நீலம் சேர்ப்பது அடுக்கை அடையாளம் காண. அறுத்த பிறகு தரை முழுவதும் நீலமாகத் தெரிந்தால் அறையில் எல்லோருக்கும் மூச்சு வரும்; நீலத்துக்கு நடுவே வெள்ளை வளையம் தெரிந்தால் தசை வெட்டுப்பட்டிருக்கிறது என்று உடனே கிளிப் கேட்பார்கள். சில பாலிப்கள் நீர் ஏற்றியும் எழும்பாது. முன்பு அதே இடத்தில் துணுக்கு எடுத்துத் தழும்பாகியிருந்தாலும் அப்படி நடக்கும். ஆனால் புற்று ஆழத்தில் வேர் பிடித்திருக்கிறதோ என்று மருத்துவர் கையை நிறுத்தி யோசிப்பார். உங்கள் அப்பாவுக்குக் கொப்புளம்போல எழும்பியது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோதே எனக்கு மனம் லேசானது.

ஜப்பானில் ஹருஹிரோ இனோவே என்ற மருத்துவர் 2008ல் இதே அடுக்குக்குள் சுரங்கம் தோண்டியே போனார். உணவுக்குழாயின் கீழ் வாசல் திறக்காத அகலேசியா நோயாளிகளுக்கு, மியூக்கோசாவில் சின்ன வாசல் வைத்து, சப்மியூக்கோசா வழியே இறங்கி, இறுகிய வட்டத் தசையை உள்ளிருந்தே வெட்டிவிட்டு, வாசலைக் கிளிப்பால் மூடுவது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. பல ஆண்டுகள் சோறு இறங்காமல் தவித்தவர் சில நாட்களில் ரசம் சோறு சாப்பிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

17. தென்றல்72

"நிரப்பு" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். உணவுக்குழாய்க்குச் செரோசா இல்லை, அதனால்தான் அங்கே தையல் கசிகிறது என்பதும் உண்மையா?

18. வைகைக்கரை

மார்புப் பகுதியில் செரோசா இல்லை என்பது உண்மை. சுற்றிலும் தளர்வான திசுதான். கசிவுக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். இழுவிசையும் ரத்த ஓட்டமும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்பது என் அனுபவம். ஆனால் புற்று சுவரைத் தாண்டினால் தடுக்க உறை இல்லாமல் பக்கத்து உறுப்புகளை உடனே தொட்டுவிடுகிறது. அது தெளிவு.

19. கயல்மதி

புதன்கிழமை போய்வந்தோம். அறுவை சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். முழுவதும் ஒரே துண்டாக வந்துவிட்டதால் மூன்று ஆண்டுகளில் மீண்டும் கொலோனோஸ்கோபி செய்துகொள்ளச் சொன்னார். அவரவர் மருத்துவர் சொல்லும் கெடு வேறாக இருக்கலாம், இதை யாரும் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். "இரண்டு மஸ்குலாரிஸில் இது முதலாவதுதானே?" என்று சித்தப்பாவே கேட்டார். மருத்துவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

திரும்பும் வழியில் அப்பா பஸ் டிக்கெட்டின் பின்புறம் சுவரை வரைந்தார். பூச்சு, அதன் அடியில் கம்பி வலை, அப்புறம் செங்கல் இரண்டு வரிசை, வெளியே மெழுகுப் பூச்சு. "பூச்சைத்தான் கொத்தி எடுத்திருக்கிறார்கள், வலையில் உரசியிருக்கும், செங்கலுக்கு ஒன்றும் இல்லை" என்றார். உடனே தொழில்காரராக இன்னொரு கேள்வி: கொத்திய இடத்தில் புதுப் பூச்சு யார் பூசுவது, காய எத்தனை நாள்?

20. நுண்ணோக்கி

அப்பாவிடம் சொல்லுங்கள்: சுற்றியிருக்கும் பழைய பூச்சே ஊர்ந்து வந்து மூடும். குடலின் எபிதீலியம் எப்போதுமே புதுப்பித்துக்கொண்டேதான் இருக்கிறது. குழியின் அடியில் செல் பிறந்து, மேலே ஏறி, மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்துவிடும். அறுத்த இடத்தில் விளிம்புச் செல்கள் நகர்ந்து மூட, பிறகு குழிகள் உருவாக, சில வாரங்கள் பிடிக்கும். வலையில் உரசிய இடத்தில் சின்னத் தழும்பு நிற்கும். மூன்று ஆண்டு கழித்துப் பார்க்கும் மருத்துவர் அந்த வெளிறிய தழும்பைத்தான் முதலில் தேடுவார்.

இன்னும் இரண்டு வாரமாவது பளு தூக்க வேண்டாம். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டீர்களா? ரத்தம் கட்டியாகப் போனாலோ காய்ச்சலோடு வயிறு இறுகினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள், உடனே கூட்டிப் போங்கள்.

21. கயல்மதி

மாத்திரை எதுவும் இல்லை அக்கா. பளு மட்டும்தான் சிக்கல். நாளைக்கே பக்கத்து வீட்டுத் திண்ணைக்குச் சிமெண்ட் குழைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். நான் போய் இரண்டு வாரம் தள்ளிப் போட்டுவிட்டு வந்தேன்.